உயரத்தைச் சொன்னது யார்?

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பத்தாம் வகுப்பு படித்த யாருக்கும் புதிதல்ல. வானத்தில் ஒன்று போகிறது. நாம் தரையில் நிற்கிறோம். அதைத் தொட முடியாது, அதன் அருகே போக முடியாது, அதன் பின்னால் ஓடவும் முடியாது. கையில் இருப்பவை இரண்டே: கோணம் அளக்க ஒரு கருவி, நேரம் பார்க்க ஒரு கடிகாரம். இவற்றைக் கொண்டு அதன் வேகத்தைச் சொல்லிவிட முடியுமா? பாடப் புத்தகம் முடியும் என்கிறது. நானும் முடியும் என்றே சொல்லப் போகிறேன். ஆனால் அந்த "முடியும்" என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. முக்கோணவியல் பாடத்தில் நாம் எல்லோரும் கண்டும் காணாமல் தாண்டிப் போகிற நிபந்தனை அது. என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

முதலில் அந்தப் பழகிய கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு ஜெட் விமானம் 1500√3 மீட்டர் உயரத்தில், உயரம் மாறாமல், நேர்கோட்டில் பறக்கிறது. தரையில் ஓரிடத்திலிருந்து பார்க்கும்போது ஏற்றக் கோணம் 60 பாகை. 15 விநாடி கழித்து அதே இடத்திலிருந்து பார்த்தால் 30 பாகை. வேகம் என்ன? மாணவர்கள் இதற்குள் மனத்திலேயே போட்டு முடித்திருப்பார்கள். கோணம் 60 பாகையாக இருந்தபோது விமானத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளி நம்மிடமிருந்து 1500 மீட்டர். 30 பாகையாக இருந்தபோது 4500 மீட்டர். இடையே கடந்த தூரம் 3000 மீட்டர், எடுத்த நேரம் 15 விநாடி, ஆகவே வேகம் விநாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். அழகான கணக்கு. மூன்றே வரியில் முடிகிறது, ஐந்து மதிப்பெண் கிடைக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். கோணத்தை நாம் அளந்தோம். நேரத்தை நாம் அளந்தோம். அந்த 1500√3 மீட்டர் உயரத்தை நமக்குச் சொன்னது யார்?

வினாத்தாள் சொன்னது என்பீர்கள். சரி, வினாத்தாளிலிருந்து அந்த ஓர் எண்ணை மட்டும் அழித்துவிடுவோம். என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம். 10 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பயணிகள் விமானம் நம் தலைக்கு மேலாகக் கடந்து போகிறது. 60 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்க அதற்கு ஏறத்தாழ 46 விநாடி ஆகும். அதே பாதையில் ஒரு பருந்து 400 மீட்டர் உயரத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகட்டும். அதற்கு எத்தனை விநாடி? அதே 46. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பூமியைச் சுற்றி வருகிறதே, அது தலைக்கு மேலாகப் போகும்போது இதே கோணங்களைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பருந்து, விமானம், விண்வெளி நிலையம்! ஒன்றின் வேகம் இன்னொன்றின் வேகத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. ஆனால் கோணம் அளக்கும் தியோடலைட்டின் கண்ணுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏன்? கோணம் தருவது விகிதத்தை மட்டும். வேகத்தை உயரத்தால் வகுத்தால் வருகிற எண் நமக்குத் தெரியும், வேகம் தெரியாது, உயரமும் தெரியாது. எத்தனை நுட்பமான கருவியை வைத்து எத்தனை முறை அளந்தாலும், ஓரிடத்தில் நின்று அளந்த கோணங்களிலிருந்து ஒரு மீட்டர் நீளத்தைக்கூடப் பிழிந்தெடுக்க முடியாது. நீளம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் எழுந்து என்னை மடக்கலாம். "ஐயா, எங்கள் புத்தகத்தில் இன்னொரு வகைக் கணக்கு உண்டு. கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் பார்க்கிறார். ஒரு கார் சீரான வேகத்தில் கோபுரத்தை நோக்கி வருகிறது. இறக்கக் கோணம் 30 பாகையிலிருந்து 60 பாகை ஆவதற்கு 6 விநாடி. கார் கோபுரத்தின் அடியை அடைய இன்னும் எத்தனை விநாடி என்று கேட்பார்கள். கோபுரத்தின் உயரம் கொடுக்கப்படுவதே இல்லை. ஆனாலும் 3 விநாடி என்று விடை வருகிறதே?" நல்ல கேள்வி. விடையும் சரி. கார் வந்த தூரம் மீதித் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அதனால் மீதி நேரம் பாதி. ஆனால் அந்தக் கணக்கு எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நேரத்தைக் கேட்கிறது. நேரத்தைக் கொடுத்து நேரத்தைக் கேட்டால் விகிதமே போதும், கோணம் அதைத் தாராளமாகத் தரும். அதே கணக்கில் காரின் வேகம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடை வராது. எப்போது வரும் என்பதைக் கோணம் சொல்லும், எவ்வளவு விரைவாக வருகிறது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் யாராவது எடுத்துச் சொல்கிறார்களா? பெரும்பாலும் இல்லை என்பது என் கருத்து. இரண்டு கணக்குகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன, மாணவர் இரண்டையும் போடுகிறார், ஒன்றில் உயரம் ஏன் இருக்கிறது, இன்னொன்றில் ஏன் இல்லை என்று கேட்காமலேயே போடுகிறார்.

கோணத்தோடு ஒரு நீளம் வேண்டும் என்பதை நம் ஊர் மண்ணே ஒருமுறை உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை எங்கே தொடங்கியது? சென்னையில், பரங்கிமலையருகே, 1802-இல். அதை நடத்திய வில்லியம் லாம்டன் அங்கே முதல் வேலையாகக் கோணம் அளக்கவில்லை. ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டைத் தரையில் சங்கிலி போட்டு அளந்தார். நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் அது நீளும் என்பதால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, திருத்தம் போட்டு, அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அந்த ஒரு கோட்டுக்கே 57 நாள் ஆயிற்று. பிறகுதான் தியோடலைட் வெளியே வந்தது, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவை நகர்ந்தது. நூற்றுக்கணக்கான மைல் தூரத்தைக் கோணங்களால் கண்டார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், ஆனால் அத்தனை கோணங்களுக்கும் மீட்டரையும் மைலையும் கடன் கொடுத்தது பரங்கிமலைச் சங்கிலி. நிற்கிற மலைக்கே இப்படியென்றால், ஓடுகிற பொருளுக்குக் கேட்க வேண்டுமா?

ஓடுகிற பொருள் என்றதும் விமானமே நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தக் கணக்கை நாள்தோறும் போட்டுக் கொண்டிருந்தவர்கள், இன்னும் சில நிலையங்களில் போடுகிறவர்கள், வானிலைத் துறையினர். அவர்கள் அளப்பது காற்றின் வேகத்தை. காற்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் காற்றோடு போகிற ஒரு சிறிய பலூனைப் பறக்க விடுகிறார்கள். பைலட் பலூன் என்று அதற்குப் பெயர். உள்ளே ஹைட்ரஜன். தெளிந்த நீல வானம் என்றால் வெள்ளை பலூன், மேகம் மூடியிருந்தால் சிவப்பு அல்லது கறுப்பு, இரவென்றால் அடியில் ஒரு சிறு விளக்கு. தரையில் தியோடலைட் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கோணங்களைக் குறிப்பார்கள்: ஏற்றக் கோணம் ஒன்று, திசைக் கோணம் ஒன்று. இந்தியாவில் முதல் உலகப் போர் தொடங்கிய காலத்திலேயே ஆக்ராவில் மேல்காற்று ஆய்வு நடந்தது. இப்போது என் பழைய கேள்வியை இவர்களிடம் கேட்கிறேன். வினாத்தாள் இல்லாத இந்த இடத்தில், பலூனின் உயரத்தைச் சொன்னது யார்?

பதில் சாமர்த்தியமானது. பலூனில் எவ்வளவு வாயு அடைப்பது என்பதை முன்கூட்டியே எடை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். குறிப்பிட்ட தூக்கு விசை இருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் மேலேறும் என்பது பலமுறை சோதித்து அறிந்த செய்தி. நிமிடத்துக்கு 180 மீட்டர் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிமிடத்தில் உயரம் 900 மீட்டர். அப்போது ஏற்றக் கோணம் 45 பாகை என்றால் கிடைமட்டத் தூரம் 900 மீட்டர். ஆறாம் நிமிடத்தில் உயரம் 1080 மீட்டர், கோணம் 42 பாகை, திசை மாறவில்லை. கணக்குப் போட்டால் தூரம் ஏறத்தாழ 1200 மீட்டர். ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் நகர்ந்திருக்கிறது, ஆகவே அந்த உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். நீளத்தை அளக்கவில்லை, கடிகாரத்திலிருந்து வரவழைத்தார்கள்! ஆனால் பலூனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்து, நிமிடத்துக்கு 150 மீட்டர்தான் ஏறியது என்றால்? அதே 45 பாகை, அதே 42 பாகை இப்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றைக் குறிக்கும். தியோடலைட்டில் எந்த மாற்றமும் தெரியாது. கோணங்கள் பொய் சொல்லவில்லை, நாம் கொடுத்த உயரம் பொய் சொல்லிவிட்டது. வெயில் பட்ட தரையிலிருந்து எழும் காற்று பலூனைக் கூடுதலாகத் தூக்கினாலும் இதே கதைதான், பிழையின் திசை மட்டும் தலைகீழ்.

"அப்படியானால் இது அளவீடா, ஊகமா?" என்று கேட்கத் தோன்றும். ஊகம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஊகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் முக்கோணவியலே. இரண்டு தியோடலைட்டுகளை, இடையே உள்ள தூரத்தை நன்றாக அளந்துகொண்டு, இரண்டு இடங்களில் வையுங்கள். இருவரும் ஒரே நொடியில் ஒரே பலூனைப் பார்க்கட்டும். இப்போது உயரத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுவே கணக்கிலிருந்து வரும். ஏனென்றால் நீளம் வானத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. தரையில் உள்ள நீளத்தைச் சங்கிலி போட்டு அளக்கலாம், சரிபார்க்கலாம், சந்தேகம் வந்தால் மறுபடியும் அளக்கலாம். இந்த உத்தி பலூனுக்கும் முந்தியது. 1798-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் சில மைல் இடைவெளியில் அமர்ந்து இரவுதோறும் எரிகற்களைப் பார்த்தார்கள். விண்மீன்களுக்கு நடுவே ஒவ்வொன்றும் எங்கே தோன்றியது, எங்கே மறைந்தது என்று இருவரும் தனித்தனியே குறித்தார்கள். நூற்றுக்கணக்கான எரிகற்களில் இருவர் கண்ணிலும் ஒரே நேரத்தில் பட்டவை சில மட்டுமே. அந்தச் சில போதுமானதாக இருந்தது. எரிகல் எரிவது மேகமண்டலத்தில் இல்லை, பல பத்துக் கிலோமீட்டர் உயரத்தில். அதன் வேகம் விநாடிக்குப் பல கிலோமீட்டர். இடி மின்னல் போல இதுவும் காற்றில் நடக்கும் நிகழ்ச்சி என்று நினைத்திருந்த காலத்தில், இவ்வளவு வேகம் பூமிக்கு வெளியிலிருந்து வருவதற்கே பொருந்தும் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்த்தது. கண், வரைபடம், சில மைல் தரை. இரண்டு மாணவர்கள்!

இன்னொரு மறுப்பும் உண்டு. இது முன்னதைவிடக் கடினமானது. "நீங்கள் கேட்டபடி உயரம் சரியாகவே இருக்கட்டும். ஆனாலும் விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரியும்? இரண்டு கோணம் பார்த்துவிட்டு வேகம் இவ்வளவு என்று எப்படி அடித்துச் சொல்வது?" சொல்லக் கூடாது என்பதே என் பதில். இரண்டு கோணம் ஒரு விடையைத் தரும், அந்த விடையைச் சோதிக்க மூன்றாவது கோணம் வேண்டும். இங்கே ஓர் அழகு இருக்கிறது. தலைக்கு நேராகப் போகும் பாதையில், உயரமும் வேகமும் மாறாதிருந்தால், சம நேர இடைவெளியில் அளந்த ஏற்றக் கோணங்களின் கோடேன்ஜென்ட் மதிப்புகள் கூட்டுத் தொடர்வரிசையில் அமைய வேண்டும். இதற்கு உயரம்கூடத் தேவையில்லை. 60 பாகை, பிறகு 45 பாகை என்று இரண்டு அளவு வந்தால், அதே இடைவெளி கழித்து மூன்றாவது என்னவாக இருக்க வேண்டும்? 15 பாகை குறைந்தது, இன்னொரு 15 குறைந்து 30 ஆகும் என்று அவசரப்பட்டால் தவறு. 35 பாகையை ஒட்டி வர வேண்டும். 30 வந்தால் விமானம் வேகம் எடுத்திருக்கிறது அல்லது கீழே இறங்கியிருக்கிறது. எது என்று சொல்ல மறுபடியும் உயரம் வேண்டும். கூட்டுத் தொடர்வரிசையும் முக்கோணவியலும் ஒரே வகுப்பில், ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அவை சந்தித்துக் கொள்வதே இல்லை!

அடுத்து, எல்லாக் கோணமும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. 3000 மீட்டர் உயரத்தில் ஒரு பலூன். தியோடலைட்டைப் படிப்பதில் பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறு நேர்கிறது. கோணம் 60 பாகையாக இருந்தால் அந்தத் தவறு தூரத்தில் 7 மீட்டர். 10 பாகையாக இருந்தால்? 170 மீட்டருக்கும் மேல். நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறவர்களுக்கு இது காற்று வேகத்தில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் பிழை. வேடிக்கை என்னவென்றால், காற்று பலமாக வீச வீச பலூன் தொலைவுக்கு அடித்துச் செல்லப்படும், கோணம் தாழும், பிழை பெருகும். எந்தக் காற்றை நாம் முக்கியமாக அறிய வேண்டுமோ அந்தக் காற்றில்தான் கருவி தடுமாறுகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜப்பானின் ததேனோ ஆய்வகத்துக்கு வாருங்கள். அங்கே இயக்குநராக இருந்தவர் வசபுரோ ஒயிஷி. 1920-களில் பைலட் பலூன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார். குளிர்காலத்தில், 9 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து விநாடிக்கு 70 மீட்டர் அளவில் காற்று வீசுவதைக் கண்டார். மணிக்கு 250 கிலோமீட்டர். ஒரு நாள் அளவை மட்டும் காட்டியிருந்தால் யார் நம்புவார்கள்? பலூன் ஒழுகியது, கோணம் தாழ்ந்தது, படித்தவர் தவறினார் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அவர் கையில் இருந்தவை 1,288 பலூன் அளவுகள். ஒரு பலூன் ஏமாற்றலாம், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஒரே பக்கமாகச் சாய்ந்து ஏமாற்றுவது அரிது. 1926-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெரான்டோ என்ற பொதுமொழியில் வெளியிட்டார், உலகமோ படிக்கவில்லை. 1944-இன் இறுதியில் டோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிக் குண்டுகளைக் குறிதவறிப் போட்டன. அதே குளிர்காலத்தில் அதே காற்றை நம்பி ஜப்பான் 9,000-க்கும் மேற்பட்ட வெடிகுண்டு பலூன்களைப் பசிபிக் கடலுக்கு அப்பால் ஏவியது. ஜெட் காற்றோட்டம் என்று இன்று விமானப் பயணிகளும் அறிந்த ஒன்று, தரையில் நின்று அளந்த ஏற்றக் கோணங்களில் முதலில் தெரிந்தது.

நம் தலைக்கு மேலேயும் அப்படி ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் தென்னிந்தியாவின்மேல் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஜெட் காற்றோட்டத்தை, இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950-களில் எடுத்துக்காட்டினார். மழை மேகத்துக்குள் புகுந்த பலூனைக் கண்ணால் தொடர முடியாது. அங்கே ரேடியோ வந்தது. பலூனில் ஒரு சிறு ஒலிபரப்பியும் காற்றழுத்தமானியும் கட்டப்பட்டன. தரையிலிருந்த ஆன்டெனா கோணத்தைத் தந்தது, மேலே போன காற்றழுத்தமானி உயரத்தைத் தந்தது. உயரத்தைச் சொன்னது யார் என்ற கேள்விக்கு, முதன்முறையாகப் பலூனே "நான்" என்றது.

இனிக் கடைசி மறுப்பு. "ராடார் இருக்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது. இந்தக் கோணக் கணக்கெல்லாம் இனி எதற்கு?" ராடார் என்ன செய்கிறது? அலை போய்த் திரும்பும் நேரத்திலிருந்து தூரத்தைக் காண்கிறது. நாம் இவ்வளவு நேரம் தேடிய அந்த நீளத்தைத் தானே கொண்டு வந்துவிடுகிறது, அதனால்தான் அது வெற்றி பெற்றது. என் வாதத்துக்கு அது எதிரில்லை, சாட்சி. செயற்கைக்கோளோ இன்னும் பழைய சிக்கலில்தான் இருக்கிறது. இன்சாட் வரிசைக் கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேகங்களைப் படம் பிடிக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் மேகம் நகர்ந்த அளவைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். நகர்வு நன்றாகத் தெரிகிறது. அந்த மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது? அதன் வெப்பநிலையிலிருந்து அனுமானிக்க வேண்டும். மெல்லிய மேகத்தின் வழியே கீழுள்ள சூடும் ஊடுருவித் தெரிந்தால் உயரம் தவறிவிடும். வேகம் சரியாக இருந்தும், 10 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை 7 கிலோமீட்டர் உயரத்தில் எழுதிவைத்துவிடலாம். இவ்வகைக் காற்றுக் கணிப்புகளில் பிழைக்கு மிகப் பெரிய காரணம் உயரத்தைத் தவறாகக் குறிப்பதே என்று அத்துறையினரே ஒப்புக்கொள்கிறார்கள். கருவி விண்வெளிக்குப் போய்விட்டது, கேள்வி போகவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜெட் விமானக் கணக்கை அடுத்த முறை கரும்பலகையில் எழுதும்போது உயரத்தை எழுதாமல் விட்டுவிடுங்கள். இந்த இரண்டு கோணங்களையும் 15 விநாடியையும் மட்டும் கொடுத்து, விமானம் நம் தலைக்கு மேலே இருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது கோணத்தை அளந்த நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இருபத்திரண்டரை விநாடி என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பிறகு வேகத்தைக் கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் திணறட்டும். ஒரு மாணவி எழுந்து, "சார், உயரம் தெரியாமல் வேகம் சொல்ல முடியாது" என்றால், அந்தப் பதிலுக்கு ஐந்து மதிப்பெண்ணும் போடுங்கள்.